சலவைக்காரி பெர்னெல்லின் கைதிகள்

பிரெஸ்னே ஊர்ச் சலவைக்காரி பெர்னெல்லின் முன்னால் மூன்று வருஷத்தில் பதினேழு வீரர்கள் மண்டியிட்டுச் சரணடைந்தார்கள். ஒருவரோடும் அவள் சண்டை போட்டதில்லை. முதல் ஆள் வந்து மண்டியிட்டபோது அவள் கையில் இருந்தது துணி அடிக்கும் கட்டை மட்டும்தான்.

அவளுக்கு அப்போது முப்பத்தொரு வயது. புருஷன் மாவு ஆலைக்குக் கூரை வேய ஏறி, விழுந்து செத்து நாலு வருஷம். பிள்ளை இல்லை. புருஷனின் தங்கை கொலெத்தோடு ஆற்றோரக் குடிசையில் இருந்தாள். மேட்டில் கோட்டை, பள்ளத்தில் துறவிகள் மடம். இரண்டு இடத்து அழுக்கும் அவள் தொட்டிக்குத்தான் வரும். சாம்பல் தண்ணீரில் ஊறி ஊறி அவள் கைகள் முழங்கை வரை வெந்த நண்டின் நிறத்தில் இருந்தன. குரல் மட்டும் நன்றாக இருக்கும். இந்தக் கரையில் அவள் சிரித்தால் சோன் ஆற்றின் அந்தக் கரையில் மாடு மேய்க்கிறவன் திரும்பிப் பார்ப்பான்.

துறையில் படகு ஓட்டியவன் உதோ. குறுக்கே கட்டிய கயிற்றைப் பிடித்து இழுத்து, வண்டி மாடு எல்லாவற்றையும் கரை சேர்க்கிற தட்டைப் படகு. அவனும் பெண்டாட்டியை இழந்தவன். படுக்கை விரிப்பைத் தனியாளாகப் பிழிய முடியாது. இந்த முனையை ஒருவரும் அந்த முனையை ஒருவரும் பிடித்து எதிரெதிராக முறுக்க வேண்டும். பெர்னெல் பெரிய விரிப்புகளைத் துவைக்கிற நாளில் உதோவின் படகுக்கு ஆளே வராது. வந்தாலும் காத்திருப்பார்கள். இப்படியே இரண்டு வருஷம் பிழிந்தார்கள். ஒரு நாள் உதோ சொன்னான்: "கையும் கையும் பழகிப்போச்சு. சாமியார்கிட்டச் சொல்லிக் கோவில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்லிடலாமா?"

"மடத்து விரிப்பு காயட்டும், சொல்றேன்" என்றாள் பெர்னெல். அதன் பிறகு அன்று முழுக்க அவளால் வாயை மூட முடியவில்லை. பாடிக்கொண்டே இருந்தாள்.

அந்த வசந்தத்தில் வெள்ளம் வந்தது. அக்கரையிலிருந்து வந்த படகில் ஓர் இளம் வீரன் இருந்தான். பெயர் அன்ஸோ. வீரப் பட்டம் கட்டிப் பத்து நாள்கூட ஆகவில்லை. உடன் இரண்டு துணைவீரர்கள். படகு கரையில் முட்டியபோது குதிரை மிரண்டு அவனைத் தூக்கிப் போட்டது. துறையில் படகு கட்டும் இரும்பு வளையம் கையைக் கிழித்துவிட்டது. ரத்தம் நிற்கவில்லை. பெர்னெல் ஓடி வந்தாள். கட்டுப் போடத் துணி வேண்டும். கொடியில் கைக்கு அகப்பட்டதில் மெல்லிய சட்டை எதுவோ அதன் கையைப் பிய்த்தாள். இறுக்கிக் கட்டினாள். நெற்றியில் தண்ணீர் தெளித்தாள்.

பையன் கண்ணைத் திறந்து அவளை நெடுநேரம் பார்த்தான். "உங்க பேரு?"

"பெர்னெல்."

அவன் சேற்றிலேயே முழங்காலில் நின்று, நெஞ்சில் கை வைத்து, தான் இனி செய்கிற வீரம் எல்லாம் அவளுக்கே என்று சத்தியம் செய்தான். துணைவீரர்கள் இரண்டு பேரும் தொப்பியைக் கழற்றினார்கள்.

"காய்ச்சல் தலைக்கு ஏறிடுச்சு" என்றான் உதோ. "நிழல்ல படுக்க வைங்கய்யா."

அவ்வளவுதான் நடந்தது. பெர்னெல் அதை மறந்தும் போனாள். மறக்க முடியாமல் இருந்தது அந்தத் துணி ஒன்றுதான். அது மடத்து அதிபர் படுக்கும்போது போட்டுக்கொள்கிற சட்டை. ஒரு கையை ஆறு கொண்டுபோய்விட்டது என்று சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டாள்.

குளிர் தொடங்குகிற புனித மார்ட்டின் திருநாளுக்கு மறுநாள் முதல் கைதி வந்தான். நெளிந்த கவசம், வீங்கிய மூக்கு, நொண்டும் குதிரை. துறையில் இறங்கி, "பெர்னெல் சீமாட்டி எங்க இருக்காங்க?" என்று கேட்டான்.

கொலெத் தொட்டிக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். "சீமாட்டியாம். அண்ணி, உன்னைத்தான் தேடுறாங்க போலிருக்கு."

அவன் ஈரக் கல்லில் மண்டியிட்டான். "தாயே, அன்ஸோ பிரபு என்னை ஈட்டியால குத்திக் கீழ தள்ளிட்டார். உங்க அழகுக்கு ஈடு இந்தப் பூமியில இல்லைன்னு நான் ஒத்துக்கிட்டேன். இனிமே நான் உங்க கைதி. என்ன செய்யணுமோ செய்யுங்க."

"எந்த அன்ஸோ?"

"உங்க அன்ஸோ."

"எனக்கு அப்படி யாரும் இல்லையே."

அவன் முகம் சுருங்கிவிட்டது. "உங்க சட்டைக் கையைத்தானே தாயே அவர் தலைக்கவசத்து உச்சியில கட்டியிருக்கார்? உலகமே அதைப் பேசுது."

கொலெத் வாயைப் பொத்திக்கொண்டு குடிசைக்குள் ஓடினாள். அங்கிருந்து அவள் சிரிக்கிற சத்தம் வந்துகொண்டே இருந்தது.

"சரி, விட்டுட்டேன். போய்ட்டு வாங்க" என்றாள் பெர்னெல்.

"அப்படி லேசா விட முடியாதுங்க. ஒரு நாளாவது உங்க கூரைக்குக் கீழ சிறை இருக்கணும். சாட்சி வெச்சு விடுதலை சொல்லணும்."

அவன் இருந்தான். இரண்டு கிண்ணம் பட்டாணிக் கஞ்சி குடித்தான். அவன் குதிரை கொலெத்தின் முட்டைக்கோஸ் பாத்தியைத் தின்று தீர்த்தது.

கிறிஸ்துமஸுக்குள் இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். நான்காவதாக வந்தவர் கோஷே என்ற பெருத்த மனிதர். ஐம்பது வயது, விலா எலும்பில் அடி. பனி கொட்டியதால் பதினோரு நாள் தங்கிவிட்டார். அடுப்போரம் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக் கொடுப்பார், கொலெத்தோடு சண்டை போடுவார். பெர்னெல்லுக்கு அவரைப் பிடித்துப் போயிற்று.

"எனக்கு ஒண்ணு புரியலீங்க" என்றாள் அவரிடம். "நான் ஒத்துக்கவே இல்லையே. ஒரு பொம்பளை ஒத்துக்காம ஒருத்தர் எப்படி அவளுக்காகச் சண்டை போடுறது?"

"ஒத்துக்கிட்டா சுவாரஸ்யம் போயிடும் தாயே. நீங்க ஒத்துக்கலைன்னா இன்னும் பத்து வருஷம் போடுவான்."

"ஒத்துக்கிட்டேன்னு சொன்னா?"

"சந்தோஷத்துல இருபது வருஷம் போடுவான்." வெங்காயத் தோலை நெருப்பில் போட்டார். "ஆனா ஒண்ணு. இந்த விளையாட்டுல உத்தரவு போடுற அதிகாரம் ஒரே ஆளுக்குத்தான். எங்களுக்கு இல்லை, ராஜாவுக்கும் இல்லை. உங்களுக்குத்தான்."

"அப்ப நிறுத்துன்னு சொல்லியனுப்புறேன்."

"நிறுத்துன்னா சாகணும்னு அர்த்தம் பண்ணிப்பான். சின்னப் பையன்."

பனி கரைந்து கோஷே போனதும், உதோ பொறுமையிழந்து சாமியாரிடம் போனான். மூன்று ஞாயிறு ஓலை வாசித்தால்தான் கல்யாணம். முதல் ஞாயிறு வாசித்தார்கள். படகுக்காரன் உதோ, சலவைக்காரி பெர்னெல், ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்று சாமியார் சொன்னபோது கோவிலில் யாரோ சிரித்தார்கள். மற்றபடி ஒன்றுமில்லை.

இரண்டாவது ஞாயிற்றுக்கு முன்னால் கோட்டையிலிருந்து ஆள் வந்தது.

கோட்டைப் பிரபுவின் மனைவி ஆலிஸ் சீமாட்டி கெட்டவள் இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும். வேலைக்காரியைக் கைநீட்டி அடிக்காதவள். குளிர்காலம் முழுக்கப் பழைய வீரக்கதைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டுக் கேட்டு அழுகிறவள். தன் மண்ணிலேயே அப்படி ஒரு கதை நடக்கிறது என்று தெரிந்ததும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

பெர்னெல்லைத் தன் பக்கத்தில் உட்கார வைத்தாள். "இவ்வளவு பெரிய அன்பை நெஞ்சுல வெச்சுக்கிட்டு உனக்கு எப்படிம்மா தூக்கம் வருது?"

"துவைச்சு முடிச்சா தானா வந்துடுதுங்க."

"இனிமே நீ துவைக்கக் கூடாது. அவ்வளவு பெரிய வீரரோட சீமாட்டி ஆத்துல நின்னு துணி அடிச்சா, வர்றவங்க இந்தக் கோட்டையைப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"எனக்குக் கல்யாணம் பேசி ஒரு ஓலை வாசிச்சாச்சுங்க."

"சாமியார்கிட்டப் பேசிட்டேன். ஆட்சேபம் இருக்கு. அன்ஸோ பிரபு உயிரோட இருக்கிறப்ப வேற ஒருத்தன் உன்னைத் தொடலாமா? அவர் காதுக்குப் போனா அந்தப் படகுக்காரன் கதி என்ன?" ஆலிஸ் சீமாட்டி அவள் கையைப் பிடித்தாள். சிவந்து வெடித்திருந்த அந்த விரல்களைத் தடவிக் கண் கலங்கினாள். "எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கே! இனிமே ஒண்ணும் இல்லை."

குடிசை நிற்கிற மண் கோட்டைக்குச் சொந்தம். ஆறு கோட்டைக்குச் சொந்தம். துணியும் அவர்களுடையது. மாட்டேன் என்று சொல்ல அவளிடம் ஒரு சாண் இடம்கூட இல்லை.

உதோ சும்மா இருக்கவில்லை. நேராகக் கோட்டைக் கூடத்துக்குப் போய்ப் பிரபுவின் முன் நின்றான். பிரபு சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்: "அந்தப் பொம்பளைக்காக அன்ஸோகூடச் சண்டை போடுவியா?"

"வரச் சொல்லுங்க, போடுறேன்" என்றான் உதோ. "துடுப்பு இருக்கு."

கூடமே சிரித்தது. பிரபுவும் சிரித்தார். "அது முடியாதப்பா. அவன் பட்டம் கட்டின வீரன், நீ படகுக்காரன். உன்கூடச் சண்டை போட்டா அவனுக்குத்தான் இழுக்கு. அதனால அவன் போட மாட்டான்."

"அப்ப நான் தோத்துப் போகவும் வழியில்லையா?"

"இல்லை" என்றார் பிரபு.

அவளுக்குக் கொடுத்த அறை கோட்டை வாசலுக்கு நேர் மேலே இருந்தது. வருகிற வீரர்களின் கண்ணில் முதலில் அவள்தான் பட வேண்டும் என்பது ஆலிஸ் சீமாட்டியின் ஆசை. அந்த அறையில்தான் வாசல் இரும்புக் கதவைத் தூக்கி இறக்குகிற பெரிய உருளையும் இருந்தது. தரையில் ஒரு நீளமான திறப்பு. அதன் வழியே இரண்டு சங்கிலிகள் கீழே போகும். கதவைத் தூக்கியிருக்கும்போது அதன் மேல்பாதி அறைக்குள் வந்து நிற்கும். பகல் முழுக்க அவள் படுக்கைக்கும் ஜன்னலுக்கும் நடுவில் ஆள் உயர இரும்புக் கம்பிகள். பொழுது சாய்ந்து, காவலர் இருவர் வந்து "மன்னிக்கணும் தாயே" என்று சொல்லி உருளையைச் சுற்றிக் கதவை இறக்கினால்தான் அறை காலியாகும். அப்போது வெளியே இருட்டிவிட்டிருக்கும். விடிந்ததும் மறுபடி "மன்னிக்கணும் தாயே." மறுபடி கம்பிகள் தரையிலிருந்து முளைத்து எழும்.

படிக்கட்டின் அடியில் ஒருவன் நின்றான். மரியாதைக்காகத்தான் என்றார்கள். "நான் கொஞ்சம் ஆத்தங்கரை வரைக்கும் போயிட்டு வர்றேனே" என்று அவள் இறங்கினால், "உங்களுக்கு என்ன வேணும் தாயே, நான் கொண்டாறேன்" என்பான்.

"ஆத்தைக் கொண்டாறியா?"

அவன் உண்மையாகவே ஒரு வாளியில் கொண்டுவந்தான். பெர்னெல் அந்த வாளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிறகு தன் மேலங்கியைக் கழற்றி அதில் முக்கித் துவைத்தாள். விஷயம் ஆலிஸ் சீமாட்டிக்குப் போயிற்று. அதன் பிறகு வாளி வரவில்லை.

கைதிகள் மட்டும் தவறாமல் வந்தார்கள். ஆலிஸ் சீமாட்டியின் பழைய பச்சை அங்கியைப் போட்டுக்கொண்டு, உயர்ந்த நாற்காலியில் உட்கார்ந்து, "விடுதலை தந்தேன்" என்று அவள் சொல்ல வேண்டும். குரலை இறக்கிப் பேசச் சொன்னார்கள். சிரிக்க வேண்டாம் என்றார்கள். கொஞ்ச நாளில் யாரும் சொல்லாமலே அவள் சிரிப்பதை விட்டுவிட்டாள். ஆறாவது ஆள் அழுதான். ஒன்பதாவது ஆளுக்குக் கண் ஒன்று போயிருந்தது. "இதுக்காகவா கண்ணை விட்டீங்க?" என்று அவளால் கேட்காமல் இருக்க முடியவில்லை. அவன் ஒரு கண்ணால் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

ஞாயிறு தோறும் பூசைக்குக் கூட்டிப் போவார்கள், நாலு பேர் நடுவில். கொலெத் கோவில் வாசலில் நிற்பாள். முதலில் கையைப் பிடிப்பாள், திட்டுவாள், காதில் ஊர்க்கதை சொல்வாள். இரண்டாவது வருஷம் அவளுக்கே ஒரு தயக்கம் வந்துவிட்டது. "நல்லாயிருக்கியா அண்ணி" என்பது "நல்லாயிருக்கீங்களா அண்ணி" ஆயிற்று. தொட்டிகள் இப்போது கொலெத்தின் கையில். தனியாக விரிப்புப் பிழிய முடியாமல் ஒரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

கம்பிகளுக்கு நடுவே பார்த்தால் படகு தெரியும். அக்கரைக்குப் போகும், வரும். அவள் எண்ணுவதில்லை. ஆனாலும் அது நின்றுவிட்டால் உடனே தெரிந்துவிடும்.

இரண்டாவது வருஷத்து அறுவடை முடிந்த சமயம், ஒரு மத்தியானம் படகு நின்றது. கொஞ்ச நேரத்தில் உதோ விலாங்குக் கூடையோடு வாசலுக்கு வந்தான். ஜன்னலுக்குக் கீழே கூடையை வைத்துவிட்டு மேலே பார்த்தான்.

"பெர்னெல்."

"இருக்கேன்."

"அக்கரை மரவெட்டியோட தங்கச்சி ஒருத்தி இருக்கா."

பெர்னெல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "தெரியும். உயரமான பொண்ணு."

"எனக்கு நாப்பத்திரண்டு ஆயிடுச்சு. வீட்டுல விளக்கேத்த ஆளில்லை." அவன் கூடையின் மூடியைச் சரி செய்தான். மறுபடி சரி செய்தான். "நீ ஒரு வார்த்தை சொன்னா இன்னும் இருப்பேன். எவ்வளவு நாள்னாலும். ஆனா நீதான் சொல்லணும்."

அவள் அறையைத் திரும்பிப் பார்த்தாள். பக்கத்தில் உருளை, சங்கிலி, ஆள் உயரக் கம்பி. எந்த நாளை நம்பி அவனை உட்காரச் சொல்வது? அந்தப் பையன் கிழவனாகும்வரை ஈட்டி பிடிப்பான்.

"அவளுக்கு விரிப்புப் பிழியத் தெரியுமா?"

உதோ தலையைக் குனிந்துகொண்டான். "கத்துக்குவா."

"கட்டிக்க" என்றாள் பெர்னெல். "குளிர் வர்றதுக்குள்ள கட்டிக்க."

மூன்று ஓலையும் தடையில்லாமல் வாசித்தார்கள். மூன்றுக்கும் பெர்னெல் கோவிலில் இருந்தாள், முன் வரிசையில், பச்சை அங்கியில். அவள் இடம் அதுதான்.

அந்தக் குளிர்காலத்தில் ஒரு நாள் தன் கைகளைப் பார்த்தாள். வெடிப்பு எல்லாம் மூடி, வெள்ளையாக, மெத்தென்று இருந்தன. அவளுக்குப் பயமாகிவிட்டது. இரவில் யாரோ கழற்றி மாற்றிவிட்டது போல. சுவரில் வைத்துத் தேய்த்தாள். ஆலிஸ் சீமாட்டி வந்து பார்த்துக் களிம்பு தடவிவிட்டாள்.

மூன்றாவது வருஷம், அறுவடை முடிந்து எட்டாம் நாள், அன்ஸோ வந்தான்.

ஊரே திரண்டது. முற்றத்தில் கம்பளம் விரித்தார்கள். பெர்னெல் இரண்டு நாளாகத் தூங்கவில்லை. அவனிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் வரிசையாகச் சேர்த்து வைத்திருந்தாள். நல்ல வார்த்தை அதில் ஒன்றும் இல்லை. அவன் குதிரையிலிருந்து இறங்கினான். இறங்க இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது. தலைக்கவசத்து உச்சியில் பழுப்பேறிய துணி ஒன்று தொங்கியது. முழங்காலை மடக்கும்போது அவன் உதட்டைக் கடித்ததை அவள் கவனித்தாள். இருபத்தைந்து வயது இருக்கும். பக்கப்பல் இரண்டைக் காணோம்.

கூட்டம் கலைந்ததும் மதில் மேல் இருவரும் தனியாக நடக்க ஆலிஸ் சீமாட்டியே ஏற்பாடு செய்தாள். இருபதடி தள்ளி நின்று, முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணைத் துடைத்தாள்.

"உங்களை யாருய்யா கேட்டா?" என்றாள் பெர்னெல். அடக்கி வைத்த குரல் தானாக உயர்ந்துவிட்டது. "நான் ஒரு கட்டுப் போட்டேன். ஒரு நாய்க்கு அடிபட்டாலும் போட்டிருப்பேன். அதுக்கு மூணு வருஷம் பிடுங்கிக்கிட்டீங்களே! எனக்கு ஒருத்தன் இருந்தான், தெரியுமா?"

அன்ஸோ நின்றுவிட்டான். "தெரியாது" என்றான். "நான் நினைச்சேன்... கேட்டவங்க எல்லாரும் உங்களைச் சீமாட்டின்னுதான் சொன்னாங்க. நீங்க இங்க சந்தோஷமா, பெருமையா இருக்கீங்கன்னு சொன்னாங்க."

"நீங்க இருக்கீங்களா, சந்தோஷமா?"

அவன் மதில் கல்லில் சாய்ந்து காலை நீட்டினான். "எந்த ஊர்ப் பாதையில போனாலும் ஒருத்தன் ஈட்டியோட நிக்கிறான். அந்தச் சட்டைக் கையை அறுக்கணுமாம். நான் வேண்டாம்னா கோழைம்பாங்க. ஜெயிச்சா அடுத்தவன் வர்றான். முழங்கால்ல எலும்பு உரசுற சத்தம் எனக்கே கேக்குது." குரலைத் தாழ்த்தினான். "போன வருஷமே விட்டுட நினைச்சேன். சத்தியம் பண்ணிட்டு எப்படி விடுறது? ரெண்டு பேர் சாட்சி."

அவள் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகள் எங்கேயோ போய்விட்டன. அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அது என் சட்டைக் கை இல்லை."

"பின்ன?"

"மடத்து அதிபரோடது. ராத்திரி படுக்கறப்ப போட்டுக்குவார்."

அன்ஸோ அவளைப் பார்த்தான். பிறகு பக்கத்தில் கவிழ்த்து வைத்திருந்த தலைக்கவசத்தைப் பார்த்தான். அவன் தோள் குலுங்க ஆரம்பித்தது. அழுகிறானோ என்று பயந்தாள். சிரிப்பு. மூச்சு முட்ட, இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பதினேழு பேர்!" என்றான். "அதிபரோட சட்டைக்கு!" மூன்று வருஷத்துக்குப் பிறகு பெர்னெல்லும் வாய்விட்டுச் சிரித்தாள். தூரத்தில் ஆலிஸ் சீமாட்டி திடுக்கிட்டுத் திரும்பினாள்.

சிரிப்பு அடங்கியதும் அவள் கேட்டாள்: "நான் உத்தரவு போட்டா நீங்க செய்யணும். அப்படித்தானே?"

"எதுவானாலும்."

"நீங்க செய்யறதை இவங்களால தடுக்க முடியுமா?"

அவன் யோசித்தான். முகத்தில் மெல்லத் தெளிவு வந்தது. "முடியாது. உங்க வார்த்தைக்கு மேல இங்க எதுவும் கிடையாது."

மறுநாள் கூடத்தில், எல்லார் முன்னிலையிலும், பெர்னெல் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றாள். அன்ஸோ பிரபு தன்னை அக்கரைக்கு அப்பால் உள்ள மாதா கோவிலுக்கு யாத்திரை அழைத்துப் போக வேண்டும். நடந்து போக வேண்டும். ஆள் இல்லாமல், குதிரை இல்லாமல், ஆயுதம் இல்லாமல் போக வேண்டும் என்று உத்தரவிட்டாள். பிரபு புருவத்தை நெரித்தார். ஆனால் அன்ஸோ ஏற்கெனவே மண்டியிட்டுத் தலைவணங்கிவிட்டான். ஆலிஸ் சீமாட்டி ஓடி வந்து தன் தோளில் கிடந்த கம்பளிப் போர்வையை எடுத்துப் பெர்னெல்லுக்குப் போர்த்தினாள். "இதைவிடப் பெரிய சோதனை எந்தக் கதையிலயும் வரலைம்மா" என்று விம்மினாள். பெர்னெல்லுக்கு அந்த நிமிஷம் அவள்மேல் இரக்கம் வந்தது.

வழியில் ஆற்றங்கரை. கொலெத் தொட்டியருகே நின்று கையை உயர்த்தினாள். நாலு நாளில் அண்ணி திரும்பி வருவாள் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். பெர்னெல்லும் கையை உயர்த்தினாள். நின்றால் சொல்லிவிடுவோம் என்று பயந்து நிற்காமல் நடந்தாள்.

உதோ படகில் இருந்தான். அன்ஸோ முன்பக்கம் போய் உட்கார்ந்து, முதுகைத் திருப்பிக்கொண்டான். உதோ கயிற்றை இழுக்க, படகு நகர்ந்தது.

"ஓரத்தைப் பிடிச்சுக்குங்கம்மா" என்றான். "நடுவுல தண்ணி இழுக்குது."

அவன் வாயிலிருந்து அந்த 'அம்மா' வந்தது அவளுக்கு எங்கேயோ பட்டது. "பெர்னெல்னு ஒரு தடவை கூப்பிடேன்."

உதோ கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இரண்டு இழுப்பு, மூன்று இழுப்பு. "எனக்குப் பையன் பொறந்திருக்கான்" என்றான். "பதினாறு நாள் ஆச்சு."

"நல்லாயிருக்கானா?"

"நல்லா கத்துறான்."

நடு ஆறு தாண்டியதும் அவள் எழுந்து போய்க் கயிற்றைப் பிடித்தாள். அவனுக்கு ஒரு கை தள்ளி. அவன் தடுக்கவில்லை. மெத்தென்ற உள்ளங்கையில் கயிறு உரசி எரிந்தது. இருவரும் இழுத்தார்கள். கரை வந்தது. அவள் இறங்கி நாலடி நடந்தபோது பின்னாலிருந்து, "பார்த்துப் போ, பெர்னெல்" என்றான். அவள் திரும்பினால் கால் நகராது. திரும்பவில்லை.

கோவிலுக்குப் போகிற பாதை பிரியும் இடத்தில் அன்ஸோ கேட்டான்: "நான் தனியாத் திரும்பினா என்ன சொல்றது?"

"செத்துப்போயிட்டேன்னு சொல்லுங்க. வழியில காய்ச்சல்னு."

"நான் பொய் சொன்னதில்லையே."

"பொய் இல்லை. பெர்னெல்ங்கிற பேரை இனி நான் எடுக்கவே போறதில்லை. உயிரோட இருந்தா தேடி வருவாங்க. இந்தப் பிரபு இல்லைன்னா இன்னொருத்தர்." அவன் முகத்தைப் பார்த்துவிட்டுச் சேர்த்துச் சொன்னாள்: "சீமாட்டி செத்துட்டா துக்கம் காக்கலாம். துக்கத்துல இருக்கிறவன்கிட்ட யாரும் ஈட்டியை நீட்ட மாட்டாங்க. அந்தக் காலுக்கு அதுதான் நல்லது."

அவன் மண்டியிடப் போனான். தோளைப் பிடித்து நிறுத்தினாள். அவன் அழுதுகொண்டே போனான், நிஜமாகவே யாரோ செத்துவிட்டது போல.

இரண்டு நாள் நடை தள்ளி, ஆற்றின் கீழ்ப்பக்கம் ஒரு நகரம். அங்கே சலவைத் துறையில் மரியோன் என்று பெயர் சொல்லி வேலை கேட்டாள். முதல் வாரம் சாம்பல் தண்ணீர் பட்டுக் கைத்தோல் உரிந்து ரத்தம் வந்தது. "அடியே, இது எந்த ராணியோட கை?" என்று மற்றவர்கள் கேலி செய்தார்கள். உடம்பு சரியில்லாமல் கிடந்தேன் என்றாள். எங்கே, எத்தனை நாள், யார் பார்த்துக்கொண்டார்கள் என்று கேட்டார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒன்று இட்டுக்கட்ட வேண்டியிருந்தது. சொன்னதை ஞாபகம் வைத்துக்கொள்ளவும் வேண்டியிருந்தது. பிரெஸ்னே பக்கத்துச் சரக்குப் படகு துறையில் வந்து நின்றால் முக்காட்டை இழுத்துக்கொண்டு குனிந்துகொள்வாள். இரண்டாவது வருஷம் அப்படி வந்த படகுக்காரன் ஒருவன், ஊரில் பெர்னெல் சீமாட்டியின் ஆன்மாவுக்கு வருஷாந்தரப் பூசை நடப்பதையும், ஒரு சலவைக்காரி அதில் அழுது மயங்கி விழுந்ததையும் சொன்னான். கொலெத்தைத்தான் சொல்கிறான். பெர்னெல்லுக்குக் கை நின்றுவிட்டது. நான் இருக்கேன்டி என்று ஒரு வார்த்தை அந்தப் படகில் சொல்லியனுப்பினால் போதும். கொலெத்துக்கு வாயில் எதுவும் நிற்காது. சொல்லியனுப்பவில்லை. அன்று இருட்டும்வரை துவைத்தாள்.

முப்பத்தெட்டு வயதில் ரெமி என்ற சாயக்காரன் அவளைக் கேட்டான். கை எப்போதும் நீலமாக இருக்கும், சாந்தமான ஆள். அவனிடமாவது மறைக்கக் கூடாது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார வைத்து ஆதியோடந்தமாக எல்லாவற்றையும் சொன்னாள். துறை, சட்டைக் கை, பதினேழு கைதிகள், இரும்புக் கம்பி, எல்லாம். உதோவைப் பற்றிச் சொல்லும்போது குரல் உடைந்தது.

ரெமி வாயைப் பிளந்து கேட்டான். முடிந்ததும் தொடையைத் தட்டிச் சிரித்தான். "மரியோன், அடடா! சந்தையில நின்னு சொன்னா ஜனம் கூடிடும். அதிபரோட சட்டையாமே!"

"நடந்ததுய்யா."

"ஆமாமா, நடந்ததுதான்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அந்தப் படகுக்காரனை மட்டும் கடைசியில சேர்த்து வெச்சிருக்கலாம். கேக்கிறவங்களுக்குக் கஷ்டமா இருக்கு."

அவள் மறுபடி வாயெடுத்தாள். அவனுடைய நல்ல முகத்தைப் பார்த்தாள், விட்டுவிட்டாள். கல்யாணத்துக்கு மரியோன் என்ற பெயரில் மூன்று ஓலை வாசித்தார்கள்.

ரெமி பெருமை தாங்காமல் கதையைச் சாயப்பட்டறையில் சொல்லிவிட்டான். அங்கிருந்து அது சலவைத் துறைக்கு வந்தது. அன்று முதல் அவளுக்குச் "சீமாட்டி" என்றே பெயராகிவிட்டது. "சீமாட்டி, கொஞ்சம் நகரு." "சீமாட்டி, உன் கைதி எவனாவது இருந்தா இந்த விரிப்பைப் பிழியச் சொல்லேன்." முதலில் கோபம் வந்தது, அழுக்குத் தண்ணீரை அள்ளி வீசினாள். அது இன்னும் சிரிப்பாயிற்று. இருபத்திரண்டு வருஷம் அந்தத் துறையில் அவள் துவைத்தாள். மரியோன் என்று கூப்பிடுகிறவர்கள்கூடக் குறைந்துபோனார்கள். சீமாட்டி என்றால் நிமிர்ந்து, "என்னடி?" என்பாள்.